ஆப்பச் சட்டியில் ஆப்பிள்

கல்யாணசுந்தரியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவள் பயப்படுவாள் என்பதுதான். அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுத்தவள் எழுந்து போய்ச் சாம்பலின் மேல் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். கதவைத் தாழ் போட்டபின் தாழைத் தொட்டுப் பார்ப்பாள். பிள்ளைகள் மச்சுப்படி இறங்கி வந்தால் கடைசிப் படியில் கால் வைக்கிற வரைக்கும் மூச்சு விடமாட்டாள். இலத்தூரில் வயலும் தோப்புமாக இருந்த வீட்டில் பிறந்து, தென்காசியில் ஒரு வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணத்தன்று ஓமப் புகை கண்ணில் பட்டு அவள் அழுததைப் பார்த்து, பெண் பயந்துபோய் அழுகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டார்கள். அது பாதி உண்மை.

வாத்தியார் பெயர் வல்லிநாயகம். தெருவில் எல்லோருக்கும் சார்வாள். குளித்து, நெற்றியில் மூன்று கோடாகத் திருநீற்றுப் பட்டை போடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். ஆம்லெட் போடுகிற ஹோட்டலில் காபி குடிக்கமாட்டார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கேக் வந்தால், முட்டை இருக்கும் என்று தன் பங்கை அடுத்த நாற்காலிக்குத் தள்ளிவிடுவார். அந்தத் தெரு முழுக்கச் சைவக் குடும்பங்கள்தான். ஆனால் இவருக்கு அதில் பிடிவாதம் ஒரு படி கூடுதல்.

வீட்டில் அவருடைய அக்கா முத்துவடிவும் இருந்தாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். கல்யாணசுந்தரிக்கு மதினி. சமையலறையில் எது புழங்கலாம், எது கூடாது என்பதெல்லாம் மதினி வைத்த சட்டம். பூண்டு ரசத்துக்கு மட்டும். வெள்ளியும் திங்களும் வெங்காயம் கிடையாது. ஏலம் பாயசத்துக்கு, கிராம்பு பல்வலிக்கு. பட்டை என்கிற சரக்கு அந்த அஞ்சறைப் பெட்டியில் ஒரு நாளும் நுழைந்ததில்லை. பட்டையும் கிராம்பும் சேர்ந்து நெய்யில் பொரிகிற வாசனை என்றால் அந்தத் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான். யார் வீட்டிலோ கறி வேகிறது.

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததற்கு மறு வருஷம், ஆனி கடைசியில் வல்லிநாயகத்துக்குக் காய்ச்சல் கண்டது. சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலத்தில் குளிக்க வந்த கூட்டம் ரயிலடியிலிருந்து வண்டி வண்டியாகத் தெருமுனையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. முதலில் கஷாயம், பிறகு நெற்றிக்குப் பத்து. அப்புறம்தான் டாக்டர் வந்தார். டைபாய்டு என்றார். கல்யாணசுந்தரியின் அண்ணன் வந்து பெண்பிள்ளைகள் இரண்டையும் இலத்தூருக்குக் கூட்டிப் போனான். மதுரையிலிருந்து மாத்திரை வந்தது. காய்ச்சல் ஏறி, இறங்கி, ஒரு வழியாக விட்டது.

காய்ச்சல் விட்டது. சாப்பாடு இறங்கவில்லை.

கஞ்சியைக் கண்டால் குமட்டியது. பார்லித் தண்ணீரைத் துப்பினார். பால் நாலு மடக்குக்கு மேல் போகவில்லை. நெஞ்செலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"காய்ச்சல் போயிட்டுதும்மா. ஆனா இப்படியே ஆகாரம் இல்லாமக் கிடந்தா இதயம் தாங்காது. பாளையங்கோட்டைக்குக் கொண்டு போகலாம்னா, இந்த உடம்பு அவ்வளவு தூரம் குலுங்கித் தாங்குமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. உங்க வீட்டுல ஒத்துக்கிட மாட்டீங்க, தெரியும். இருந்தாலும் சொல்லுதேன். ஆட்டுக்கால் சூப்பு ரெண்டு கரண்டி உள்ள போனா எந்திரிச்சு உக்காந்துருவாரு."

டாக்டர் அதை வாசலில் வைத்துச் சொல்லியிருக்கலாம். கட்டிலில் இருந்தவர் காதில் விழுந்துவிட்டது. வல்லிநாயகம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் காதில் அது விழுந்திருக்கவே கூடாது. காரணம், இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சூப்பு நடந்திருக்கிறது. வல்லிநாயகம் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அப்பா நெஞ்சுச் சளியில் படுத்தார். பெரியப்பா ஒருவர் தினமும் தூக்குவாளியில் ஏதோ கொண்டுவந்து, பருப்புத் தண்ணி என்று சொல்லிக் குடிக்க வைத்தார். மனிதர் தேறிக்கொண்டுதான் வந்தார். ஒரு நாள் முத்துவடிவு, அப்போது பாவாடை கட்டின பிள்ளை, பெரியப்பா வீட்டுப் புறவாசலில் எலும்பு கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடமே கேட்டுவிட்டாள், பருப்புக்கு எலும்பு உண்டா என்று. அதற்குப் பிறகு அவர் யார் கையாலும் எதையும் வாங்கவில்லை. அந்த மாதமே போய்விட்டார்.

டாக்டர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வல்லிநாயகம் எல்லாவற்றையும் மோந்து பார்க்க ஆரம்பித்தார். பாலை மோந்தார். இளநீரை மோந்தார்.

"இதுல என்னத்தளா கலந்திருக்க?"

"ஒண்ணுங் கலக்கல. இளநிங்க."

"இளநி இப்படியா மணக்கும்?"

டாக்டர் எழுதிக் கொடுத்த குளுக்கோஸ் டப்பாவை, சீனியை எலும்புக் கரி போட்டு வெளுப்பாக்குகிறார்கள், இதிலும் அது இருக்கும் என்று மதினி சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணில் காட்டாதே என்றார். கல்யாணசுந்தரி சமையலறையில் போய் நின்றுகொண்டு, எதை எடுக்கப் போனோம் என்று தெரியாமல் டப்பா டப்பாவாகத் திறந்து மூடினாள். பழைய பயங்களெல்லாம் அவளை விட்டுப் போயிருந்தன. தாழ்ப்பாளையோ சாம்பலையோ அவள் நினைக்கவே இல்லை. அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது ஒன்றே வேலையாக இருந்தது.

ஊசி போட வருகிற நர்ஸ் மலையாளத்துக்காரி. புனலூர்ப் பக்கம். அவள்தான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஆப்பிள் கொடுத்து நோக்கியோ?"

"பல்லால கடிக்கவே தெம்பில்லையே நர்ஸம்மா."

"பச்சையாயிட்டு இல்ல. தொலி சீவி, துண்டு துண்டா முறிச்சு, இருப்புச் சட்டியில கொஞ்சம் வெண்ணெ விட்டுப் பதுக்க, மெதுவா வாட்டணும். சீனி தூவி, கறுவாப்பட்டை ஒரு துண்டு, கிராம்பு ரெண்டு. இளஞ்சூட்டுல கொடுக்கணும். நான் படிச்ச மிஷன் ஆஸ்பத்திரியில டைபாய்டுக்காரருக்கெல்லாம் மதர் இதுதான் கொடுக்கும். நாக்கு செத்துப் போச்சில்லே, பட்டை மணம்தான் அதை எழுப்பும்." பிறகு கல்யாணசுந்தரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தினு இத்தனை பேடி? பயப்பட என்ன இருக்கு, பழம் தானே" என்றாள்.

பழம் என்றதும் மதினி தடை சொல்லவில்லை. பட்டையைப் பற்றிக் கல்யாணசுந்தரி மதினியிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் ஆகாது என்று சொல்லிவிடுவாள், சொன்ன பிறகு செய்ய முடியாது. இவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு.

அந்தக் காலத்துத் தென்காசியில் ஆப்பிள் கிடைப்பது லேசில்லை. சீசனுக்குக் குற்றாலத்தில் பழக்கடைகள் போட்டிருப்பார்கள், அங்கே போனால் உண்டு. தனியாகப் பஸ் ஏறிப் பழக்கமில்லாதவள் மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். இவள் மட்டும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். நான் இல்லாத நேரத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்.

அருவிக்குப் போகிற வழியில் கடைகள். பரீது என்பவர் கடையில் மங்குஸ்தானும் கொய்யாவும் குவிந்திருக்க, உயரத்தில் வைக்கோல் பரப்பிய கூடையில் ஆப்பிள் இருந்தது. அவள் விரலை நீட்டியதும் அவர் கேட்டார்.

"வீட்டுல யாருக்கும்மா சொகமில்ல?"

"எப்படித் தெரியும்?"

"ஆப்பிள் கேட்டு ரெண்டு கூட்டந்தான் வரும். ஒண்ணு மெட்ராஸ்காரங்க. இன்னொண்ணு சீக்காளி வீட்டுக்காரங்க. நீங்க மெட்ராஸ் மாதிரித் தெரியல."

வாட்டுவதற்கு என்று சொன்னாள். அவர் சிவந்து மினுங்கியதைத் தள்ளிவிட்டு, பச்சையும் சிவப்புமாகக் கல் மாதிரி இருந்த நாலு பழங்களை எடுத்துக் கொடுத்தார். மாவுப் பழம் சூட்டில் கரைந்து போகுமாம். "அல்லா காப்பாத்துவான், போய்ட்டு வாங்க" என்றவர், அவள் நகர்ந்ததும் கூப்பிட்டு, "பையைக் கையில தொங்கவிடாதீங்க. குரங்கு பாத்துக்கிட்டிருக்கு" என்றார்.

பஸ் நிற்கிற இடத்தில் குரங்குகள் கூரை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கல்யாணசுந்தரி பையை வயிற்றோடு அணைத்துச் சேலை முந்தானையால் சுற்றி மூடிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கிழவி எழுந்து, "இங்கன உக்காருட்டி. வாயும் வயிறுமா இருக்கவள நிக்க வைக்கலாமா" என்று இடம் கொடுத்தாள். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அப்படியே உட்கார்ந்து, ஊர் வந்து சேருகிற வரைக்கும் முந்தானையை எடுக்கவில்லை.

பட்டைக்குத் தாணுவின் நாட்டு மருந்துக் கடை. வருஷக் கணக்காக அவளுக்குச் சுக்கும் திப்பிலியும் மடித்துக் கொடுத்தவர்.

"பட்டையா?" என்றவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சார்வாள் வீட்டுக்கா?"

"மருந்துக்கு அண்ணாச்சி."

"சரிதான். மருந்துக்குன்னா தப்பில்ல. நான் யாருட்டயும் சொல்லுத ஆளில்ல."

இதில் சொல்லாமல் இருக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். வாசலிலேயே மதினி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். தூங்குகிறார்.

அன்று பிரதோஷம். மதினி தம்பிக்காகத் தண்ணீர் கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாள். சாயங்காலம் கோயிலில் நந்திக்கு அபிஷேகம் பார்க்க அவள் கிளம்பியதும் கல்யாணசுந்தரி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

வீட்டில் குழிவான இரும்புச் சட்டி என்று இருந்தது ஆப்பச் சட்டிதான். பல வருஷம் எண்ணெய் குடித்துக் கறுத்து வழவழவென்று இருந்தது. ஒரு பழத்தின் தோலைச் சீவினாள். வாழைக்காய் மாதிரி வெட்டினதும் கறுக்கத் தொடங்கியதால், வாழைக்காய்க்குச் செய்வதைப் போலவே துண்டுகளைத் தண்ணீரில் போட்டாள். வெண்ணெய்க்குப் பதில் நெய். சீனிக்குப் பதில் பனங்கற்கண்டைப் பொடித்து வைத்தாள். நெய் உருகியதும் பட்டையை ஒடித்துப் போட்டாள், கிராம்பைக் கிள்ளிப் போட்டாள். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பரப்பினாள். ஈரம் பட்டு நெய் வெடித்தது. கையை உதறிக்கொண்டாள். ஓரம் சிவந்தது. திருப்பிப் போட்டுக் கற்கண்டைத் தூவினாள். அது உருகிக் குமிழ் விட்டதும் ஒரு சிறங்கை தண்ணீர் தெளித்து மூடினாள். மூடியைத் திறந்தபோது துண்டுகள் கண்ணாடி மாதிரி ஆகி, பாகு பூசிக்கொண்டு செம்பழுப்பாகக் கிடந்தன. மணம் எழுந்து கூரை வழியாக வெளியே போய்விட்டிருந்தது.

முதலில் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த ஜன்னலுக்குச் சொந்தக்காரி இராமலட்சுமி புறவாசலில் வந்து நின்றாள். மூக்கில் முந்தானை.

"ஏட்டி கல்யாணி. சார்வாளுக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்குக்கா."

"அதான் டாக்டர் சொன்னாருன்னு கேள்விப்பட்டேன். உயிரா ஆசாரமான்னா உயிருதான். நான் உன்னக் குத்தஞ் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு, இத வீட்டுக்குள்ள வச்சா செய்வாங்க? வெளிய செஞ்சு தூக்குல கொண்டாரக் கூடாதா?"

"என்னத்தக்கா?"

"என்னத்தயா. நாலு வீட்டுக்கு மணக்குது, என்னத்தங்கா."

கல்யாணசுந்தரி சட்டியைத் திறந்து காட்டினாள். இராமலட்சுமி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு எதுக்கு அந்தப் பாவம்" என்று கண்ணை மூடிக்கொண்டே திரும்பிப் போனாள். இவளுக்கு அப்போதுதான் தாணு குரலைத் தாழ்த்தியது விளங்கியது. அதே சமயம் உள் அறையிலிருந்து குரல் வந்தது. பல நாளாக முனகலாகவே இருந்த குரல், பள்ளிக்கூடத்துக் குரலாகக் கேட்டது.

"ஏளா. அடுப்புல என்னது?"

கிண்ணத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். "ஆப்பிள்ங்க. நர்ஸம்மா சொன்னாக. வாட்டிக் கொண்டாந்திருக்கேன்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பழுப்புத் துண்டுகள், மேலே நெய் மினுமினுப்பு. மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"இது ஆப்பிளா."

"ஆமாங்க. இந்தாங்க, தொட்டுப் பாருங்க."

"எங்கப்பாட்டயும் பருப்புத் தண்ணின்னுதான் சொன்னாங்க."

அவ்வளவுதான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அவள் ஆப்பிள், ஆப்பிள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சாமி மேல் சத்தியம் என்றாள். பிள்ளைகள் மேல் சத்தியம் என்று சொல்ல வாயெடுத்து, பயந்து நிறுத்திக்கொண்டாள். தண்ணீராவது குடியுங்கள் என்று செம்பை நீட்டினாள். அதையும் தள்ளினார். காலையில் குடித்த நாலு மடக்குப் பாலுக்கும் இனி இடமில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இவ்வளவு நேரம் இவர் சாப்பிடவில்லையே என்றுதான் பயம். இப்போது இவர் சாப்பிடவே மாட்டார், அதற்கு என் கைதான் காரணம்.

கோயிலிலிருந்து திரும்பிய மதினி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. தெருவிலேயே நின்றாள். கோயிலுக்கே போய் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நெத்தியில பட்டை போடுத வீட்டுல சட்டியில பட்டை போடுதியாமே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வேற என்னத்தட்டி போட்ட?"

"வேற ஒண்ணும் போடல மதினி. பழம். பழத்துக்குப் பட்டை."

"பட்டையை எங்கிட்ட ஏன் சொல்லல?"

மதினியின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் கூடத் தேவலை. தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு, "வாயை மூடிட்டானா?" என்றுதான் அடுத்துக் கேட்டாள். இவள் தலையை ஆட்டினாள். மதினி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த மூடின வாய் எப்படி இருக்கும் என்று தெரியும்.

அப்புறம் கல்யாணசுந்தரி செய்ததை அவளே யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. சும்மா நிற்க முடியவில்லை. பின்கட்டிலிருந்து கரியடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் கட்டிலுக்கு எதிரே தரையில் வைத்தாள். ஆப்பச் சட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தாள். மிச்சமிருந்த பழங்கள், அரிவாள்மணை, நெய்க் கிண்ணம், கற்கண்டு, பட்டைப் பொட்டலம். கரியை விசிறும் சத்தத்துக்கு அவர் அரைக் கண்ணைத் திறந்தார்.

"என்னளா இது."

"அடுப்பு."

"இங்கேயே கொள்ளி வச்சிரலாம்னு பாக்குதியா."

அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்தாள். ஒரு பழத்தை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"இது என்னது, சொல்லுங்க."

அவர் பழத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். வாத்தியாரிடமே கேள்வி கேட்கிறாளே என்று இருந்திருக்கும். "ஆப்பிள்" என்றார்.

தோல் சீவினாள். அவசரத்தில் தோல் துண்டு துண்டாக அறுந்து விழுந்தது. நெய்யைக் காட்டினாள்.

"எங்க உள்ள நெய்யி?"

"இலத்தூர் நெய். எங்கண்ணன் கொண்டாந்தது. உங்களுக்கே தெரியும்."

பட்டைச் சுருள் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"மரம் மாதிரியில்லா இருக்கு."

"மரந்தான். வேணும்னா கடிச்சுப் பாருங்க."

நுனியைக் கடித்தார். முகம் சுளித்தது. "காந்துது. ஆனா வாடை அதான்."

"எது?"

"ஆட்டு வாடை."

"ஆட்டு வாடை உங்களுக்கு எப்படித் தெரியும்? தின்னிருக்கேளா?"

இது அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு பயந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை இப்படிக் கேட்டதில்லை. நிலைப்படிப் பக்கம் ஏதோ அசைந்தது. மதினி எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை, கால் கழுவின ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

சட்டியில் நெய் உருகியது. அவர் கையிலிருந்த அதே பட்டையை வாங்கி அவர் கண் முன்னாலேயே போட்டாள். மணம் எழும்பியது. அப்போது சட்டியில் பழத்துண்டு ஒன்றுகூட இல்லை, நெய்யும் மரத்துண்டும்தான். வல்லிநாயகம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் இத்தன வருஷமா கறி வாடைன்னு நாம மூக்கைப் பொத்தினது இந்தக் கட்டையைத்தானா" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

துண்டுகளைப் பரப்பினாள். சிவந்ததும் திருப்பினாள். கற்கண்டு, தண்ணீர், மூடி. மூடியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து ஆறவிட்டு, கரண்டியில் அவர் வாய்க்கு நேரே கொண்டு போனாள். உதடு திறக்கவில்லை.

"புத்திக்குத் தெரியுது" என்றார் பற்களுக்கிடையே. "தொண்டை கேக்க மாட்டங்கு." பிறகு நிலைப்படியைப் பார்த்தார். "அக்கா தின்னட்டும்."

மதினியின் முகம் வெளுத்தது. பிரதோஷ விரதம் இன்னும் முடியவில்லை. அபிஷேகத் தீர்த்தம் கூட வாங்காமல் பாதியில் திரும்பி வந்தவள். தம்பிக்காக இருக்கிற விரதத்தைத் தம்பிக்காகவே முறிக்க வேண்டும். அதுவும் எதை வைத்து. அவள் நம்புகிறாளா என்று கல்யாணசுந்தரிக்குத் தெரியவில்லை. பட்டையை மறைத்தவள் வேறெதை மறைக்கமாட்டாள். மதினி வேண்டாம் என்று ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

மதினி வந்து தரையில் உட்கார்ந்தாள். "நீ தின்னியா?" என்றாள் இவளைப் பார்த்து.

"இல்ல மதினி."

"செஞ்சவ வாயில வைக்காமயா சீக்காளிக்குக் கொண்டாந்த. நல்ல ஆளுட்டி நீ."

கரண்டியிலிருந்த துண்டை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அவசரப்படவில்லை. கட்டிலிலிருந்து வல்லிநாயகம் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணசுந்தரி அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. மதினி நாக்கால் பல்லைத் துழாவினாள்.

"இனிப்பு சாஸ்தி" என்றாள். "அடுத்த தடவை கற்கண்டைக் குறைச்சுப் போடு."

வல்லிநாயகம் வாயைத் திறந்தார்.

முதல் துண்டை அவர் மெல்லவே இல்லை. நாக்கில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். கல்யாணசுந்தரி இடது கையில் வாந்திப் பாத்திரத்தைத் தயாராகப் பிடித்திருந்தாள். விழுங்கினார். நெற்றியில் வியர்த்தது. இரண்டாவது துண்டுக்கு அவராகவே உதட்டைப் பிரித்தார்.

அவர் பிழைத்தார். தீபாவளி கழிந்து கம்பை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார், அதற்கப்புறம் பல வருஷம் பையன்களை அதட்டினார். சார்வாளை ஆடுதான் காப்பாற்றியது என்று இராமலட்சுமி கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அறுபத்து நாலில் மூத்த பெண்ணைக் கேட்டு வந்த சிவகிரி சம்பந்தம் ஒன்று அதைக் கேள்விப்பட்டுத் தயங்கியபோது, மதினியே வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தம் கூடியது. வீட்டில் ஆப்பிள் வாட்டினால் மட்டும் அடுப்பைச் சாப்பிடுகிறவர் எதிரில் கொண்டுவந்து வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு ஆன அறையிலும் அப்படித்தான் செய்தார்கள். கல்யாணசுந்தரியின் பயம் எங்கும் போய்விடவில்லை. சாம்பலுக்குத் தண்ணீர் ஊற்றப் பழையபடி எழுந்து போனாள்.

ஆனால் அன்று சாயங்காலம் இதில் எதுவும் யாருக்கும் தெரியாது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மதினி விளக்கேற்றப் போனாள். மூன்று துண்டு உள்ளே போயிருந்தது. சட்டியில் இன்னும் நாலைந்து கிடந்தன. வல்லிநாயகம் கையை லேசாகத் தூக்கி அதைக் காட்டினார்.

"இன்னொண்ணு."

இத்தனை நாளாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கேட்டதும் அவளுக்கு வேறு பயம் வந்துவிட்டது. குடல் புண்ணாக இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

"போதும்ங்க. பொறவு தாரேன்."

"ஒரு துண்டுதானளா."

"வயிறு தாங்காது. கொஞ்ச நேரம் கழியட்டும்."

"செஞ்சு காட்டிட்டு இல்லங்கா" என்றார் மதினி போன திசையைப் பார்த்து. "அக்கா, இவட்டச் சொல்லு."

கல்யாணசுந்தரி சட்டியை மூடி, சூடு பொறுக்க முந்தானையை மடித்து மடியில் போட்டு அதன் மேல் வைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துக்கொண்டு, அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.